திரும்பி வந்த பிறகு: நாடுகாண் பயணிகளின் பின்வாழ்வும் அதற்கான விளக்கங்களும்

அறியாத நிலத்தைத் தேடிப் போய்த் திரும்பியவர்கள் அதன்பின் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லப்பட்டு வருகிறது. பெரும்பாலான பதில்கள் ஒரே முன்முடிவிலிருந்து கிளம்புகின்றன: அவர்கள் நன்றாக வாழவில்லை. கொலம்பஸ் விலங்கிடப்பட்டார். வால்டர் ராலி தலை துண்டிக்கப்பட்டார். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்த மெரிவெதர் லூயிஸ் 35 வயதில் ஒரு வழித்தங்கல் விடுதியில் குண்டுக் காயங்களோடு இறந்தார். தென்துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் திவாலாகி, பின்னர் ஆர்க்டிக் கடற்பரப்பில் காணாமல் போனார். நிலவில் நடந்த இரண்டாம் மனிதரான பஸ் ஆல்ட்ரின் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். பெயர்களை இப்படி வரிசையாக அடுக்கினால், பெரும் பயணத்தின் பின்னே ஏதோ ஒரு சாபம் நடந்து வருவதாகவே தோன்றும்.

அந்தத் தோற்றத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களை ஐந்தாகத் தொகுக்கலாம்: அரசின் நன்றியின்மை, பயணியின் அடங்காத மனம், நோய், கடன், சமூகப் படிநிலை. இவற்றில் எதுவும் மற்றதை முழுதாக மறுப்பதில்லை. ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறந்தது, எந்தச் சான்றின் முன் தடுமாறுகிறது என்பதையே இங்கே பார்க்கிறோம்.

அரசின் நன்றியின்மை

இருப்பதிலேயே பழைய விளக்கம் இது. இதைத் தொடங்கிவைத்தவர் கொலம்பஸ்தான் என்றுகூடச் சொல்லலாம். 1500இல் எஸ்பான்யோலா தீவுக்கு வந்த அரச அதிகாரி பிரான்சிஸ்கோ டி பொபடில்லா அவரைக் கைதுசெய்து, விலங்கோடு ஸ்பெயினுக்கு அனுப்பினார். அரச தம்பதியர் அவரை விடுவித்தார்கள். 1502இல் நான்காம் பயணத்துக்கும் அனுமதித்தார்கள். ஆளுநர் பதவியை மட்டும் திருப்பித் தரவில்லை. 1504இல் அரசி இசபெல்லா இறந்தபின், அரசரிடம் முறையிட்டே எஞ்சிய நாட்களைக் கழித்த கொலம்பஸ் 1506 மே மாதம் வயாதோலித் நகரில் இறந்தார். தம் கடிதங்களில் அவர் தம்மை வஞ்சிக்கப்பட்ட ஊழியராகவே காட்டிக்கொண்டார். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1828இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அந்தச் சித்திரத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. கொலம்பஸ் வறுமையில் சாகவில்லை; தீவுகளிலிருந்து வந்த பொன்னில் அவருக்குப் பங்கு இருந்தது. 1492 ஏப்ரலில் சாந்தா ஃபேயில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அவருக்குக் கடற்படைத் தலைமை, அரசப் பிரதிநிதி, ஆளுநர் ஆகிய பதவிகளையும் வருவாயில் பத்தில் ஒரு பங்கையும் வாக்களித்திருந்தது. ஒரு கண்டமே கிடைக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. கிடைத்தபின் அந்த வாக்கைக் காப்பது எந்த அரசுக்கும் இயலாத காரியம். அவருடைய வாரிசுகள் 1508இலேயே வழக்குத் தொடுத்தார்கள்; 1536இல் ஏற்பட்ட சமரசத்தில் ஜமைக்காவும் வெராகுவா பிரபுப் பட்டமும் குடும்பத்துக்குக் கிடைத்தன. பொபடில்லா அனுப்பப்பட்டதற்குக் குடியேறிகளின் முறையீடுகளும் கொலம்பஸின் கொடிய நிர்வாகமும் காரணமாக இருந்தன. நன்றியின்மை என்ற ஒற்றைச் சொல் இவற்றையெல்லாம் மூடிவிடுகிறது.

ராலியின் முடிவும் இந்த விளக்கத்துக்கு முழுதாக உதவுவதில்லை. 1603இல் அரச துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு லண்டன் கோட்டையில் பதின்மூன்று ஆண்டுகள் கிடந்தார். அங்கிருந்தபடியே உலக வரலாறு ஒன்றை எழுதி 1614இல் வெளியிட்டார். கயானாவில் பொன் தேட விடுவிக்கப்பட்டு, அந்தப் பயணத்தில் அவருடைய ஆட்கள் ஸ்பானியக் குடியிருப்பைத் தாக்கியதால் 1618இல் கொல்லப்பட்டார். அவரை வீழ்த்தியது அரண்மனை அரசியலும் ஸ்பெயினோடு இருந்த உறவும்தான். மறுபுறம், வாஸ்கோ ட காமா பல ஆண்டுகள் அரசரின் பாராமுகத்தில் இருந்தாலும் 1519இல் பிரபுவானார். 1524இல் அரசப் பிரதிநிதியாக இந்தியா வந்து, அதே ஆண்டு டிசம்பரில் கொச்சியில் இறந்தார். அரசர்கள் சிலரைக் கைவிட்டார்கள், சிலரை உயர்த்தினார்கள். ஏன் இவரை, ஏன் அவரை என்பதற்கு இந்த விளக்கத்தில் விடையில்லை.

அடங்காத மனம்

இரண்டாவது விளக்கம் இலக்கியத்தில் பிறந்தது. வீடு திரும்பிய யுலிசிஸ் அமைதியாக இருக்க முடியாமல் மீண்டும் கடலுக்குப் போவதாகப் பதினான்காம் நூற்றாண்டில் தாந்தே கற்பனை செய்தார். 1842இல் வெளியான டென்னிசனின் கவிதை அந்தக் கற்பனையைப் பிரிட்டிஷ் பேரரசின் பள்ளிக்கூடங்கள்வரை கொண்டுவந்தது. எல்லையைத் தாண்டும் குணமே அவர்களை அனுப்பியது, அதே குணமே வீட்டில் இருக்கவிடாமல் அழித்தது என்பது வாதம்.

பொருந்தும் உதாரணங்கள் உண்டு. மங்கோ பார்க் 1797இல் நைஜர் ஆற்றுப் பயணத்திலிருந்து திரும்பினார். ஸ்காட்லாந்தின் பீபிள்ஸ் நகரில் மருத்துவத் தொழிலில் மனம் ஒட்டாமல் 1805இல் அதே ஆற்றுக்குப் போய், அங்கேயே மாண்டார். எர்னஸ்ட் ஷாக்கிள்டன் எண்டியூரன்ஸ் கப்பலை இழந்து ஆட்களைக் காப்பாற்றியபின், குவெஸ்ட் என்ற கப்பலில் மறுபடி தெற்கே கிளம்பினார். 1922 ஜனவரி 5 அன்று தென் ஜார்ஜியாவில் மாரடைப்பால் இறந்தபோது வயது 47. அமுண்ட்சென் 1928 ஜூனில், தாம் வெளிப்படையாகச் சண்டையிட்டிருந்த இத்தாலியர் நோபிலேயைத் தேடி விமானத்தில் போனார். திரும்பவில்லை.

ஆனால் இந்த விளக்கம் முடிவைத் தெரிந்துகொண்டபின் தொடக்கத்தை எழுதுகிறது. திரும்பப் போனவர் செய்தியானார், போகாதவர் செய்தியாகவில்லை. அண்டார்டிகாவுக்கு மூன்று முறை போன அயர்லாந்துக்காரர் டாம் கிரீன், தம் சொந்த ஊரான அன்னஸ்காலில் ‘சவுத் போல் இன்’ என்ற மதுக்கடையை நடத்தினார். பயணத்தைப் பற்றி அதிகம் பேசாமலே 1938இல் இறந்தார். மார்கோ போலோ 1295இல் வெனிஸ் திரும்பி, இடையில் ஜெனோவாவின் சிறையிலிருந்து, பின் 1324இல் இறக்கும்வரை வணிகராகவே வாழ்ந்தார். மதுரைச் சுல்தானின் அவைவரை வந்துபோன இபின் பதூதா, 1350களில் மொராக்கோ திரும்பித் தம் பயணத்தைச் சொல்லி எழுதுவித்தபின், ஒரு நீதிபதியாக ஒதுங்கிவிட்டார். அதற்குப் பிந்தைய அவர் வாழ்க்கை பற்றிக் கிடைக்கும் செய்தி மிகச் சொற்பம். இவர்களுடைய மனம் எப்படி அடங்கியது என்று யாரும் காவியம் எழுதவில்லை.

நோயும் மனச்சோர்வும்

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை மருத்துவம் எடுத்துக்கொண்டது. அதன் முதன்மைக் களம் மெரிவெதர் லூயிஸின் மரணம். 1804 முதல் 1806 வரை பயணத்தின் இணைத்தலைவர் கிளார்க்கோடு பசிபிக் கரைவரை சென்று திரும்பிய லூயிஸ், 1807இல் லூசியானாப் பிரதேசத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். 1809 அக்டோபரில் வாஷிங்டன் போகும் வழியில், டென்னசியின் காட்டுப் பாதையில் இருந்த கிரைண்டர் விடுதியில் இறந்தார். அவரை நன்கு அறிந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனும் கிளார்க்கும் அதைத் தற்கொலை என்று ஏற்றார்கள். குடும்பத்திலேயே மனச்சோர்வு உண்டு என்று ஜெஃபர்சன் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கல்லறையில் நினைவுத் தூண் எழுப்பிய குழு, கொலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. பிற்கால மருத்துவர்கள் சிலர் மேகநோய் மூளையைத் தாக்கியிருக்கலாம் என்றும், வேறு சிலர் தீராத மலேரியாவே காரணம் என்றும் வாதிட்டார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, உடலைப் பார்க்காமல், கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வைத்து நோயைக் கணிப்பதில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே அறிகுறி மூன்று நோய்களுக்கும் பொருந்துகிறது. லூயிஸ் எதற்காக வாஷிங்டன் போனார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர் ஆளுநராகச் செய்த செலவுக்கான உண்டியல்களை ஏற்க அரசு மறுத்திருந்தது, கடன்காரர்கள் நெருக்கினார்கள், பயணக் குறிப்புகளை நூலாக்கும் வேலையும் முடங்கிக் கிடந்தது. நோயும் பணமுடையும் வேலைச் சுமையும் ஒன்றாக வந்தவரிடம் ஒரு காரணத்தை மட்டும் பிரித்தெடுப்பது எளிதன்று.

நம் காலத்துச் சான்று சற்றுத் தெளிவானது. ஆல்ட்ரின் 1973இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் மனச்சோர்வைத் தாமே பதிவுசெய்தார். பின்னர் மதுப்பழக்கத்தோடு போராடியதையும் மறைக்கவில்லை. எனினும் நிலவில் நடந்த பன்னிருவரையும் சேர்த்துப் பார்த்தால் பொது வடிவம் எதுவும் தெரியவில்லை. ஆம்ஸ்ட்ராங் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆலன் பீன் ஓவியரானார். ஹாரிசன் ஷ்மிட் அமெரிக்கச் செனட்டில் அமர்ந்தார். எட்கர் மிட்சல் மனித உணர்வு பற்றிய ஆய்வு நிறுவனம் தொடங்கினார். ஜான் யங் 2004 வரை நாசாவிலேயே இருந்தார். ஒரே பயிற்சி, ஒரே நிலவு, முடிவுகள் வெவ்வேறு.

கடன் கணக்கு

பொருளியல் விளக்கம் கவர்ச்சி குறைந்தது. ஆனால் சான்றில் வலுவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து துருவப் பயணங்கள் பெரும்பாலும் முன்கடனில் நடந்தன. கப்பல், நாய்கள், உணவு எல்லாவற்றுக்கும் பணம் முதலிலேயே வேண்டும். அதைத் திரும்பிவந்தபின் சொற்பொழிவு, புத்தகம், படம் ஆகியவற்றை விற்றுத்தான் அடைக்க வேண்டும். புகழ் என்பது அங்கே அடகு வைக்கப்பட்ட சொத்து. ஷாக்கிள்டன் போருக்குப் பின் லண்டன் அரங்கொன்றில் நாளுக்கு இருமுறை எண்டியூரன்ஸ் படத்தைக் காட்டி, பின்னணியில் பேசினார். இறந்தபோது அவருடைய கடன் சுமார் 40,000 பவுண்டு. அமுண்ட்சென் 1924இல் திவாலாக அறிவிக்கப்பட்டார். அதன்பின் அவர் செய்த வான்வழிப் பயணங்களில் கூட்டாளிகள் சிலரோடு பிணக்கே மிஞ்சியது. பிரெட்ரிக் குக், வடதுருவத்தை எட்டியதாகச் சொன்னது நம்பப்படாமல் போனபின் எண்ணெய்ப் பங்கு வியாபாரத்தில் இறங்கி, 1923இல் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். இப்படிப் பார்த்தால், மீண்டும் மீண்டும் கிளம்பியதற்குக் காரணம் அடங்காத மனமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பழைய கடனை அடைக்கப் புதிய பயணம் தேவைப்பட்டிருக்கலாம்.

இதன் விசித்திரமான விளைவை ஸ்காட்டின் கணக்கில் காணலாம். 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஸ்காட்டுக்காக மக்கள் நிதி திரட்டினார்கள். அதில் பயணக் கடன் தீர்ந்தது. குடும்பங்களுக்கு அவரவர் பதவித் தரத்துக்கேற்ப உதவி போனது. மீதியிலிருந்து 1920இல் கேம்பிரிட்ஜில் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனம் எழுந்தது. இறந்த தலைவரின் கடன் அடைந்தது; உயிரோடு திரும்பிய ஷாக்கிள்டனின் கடன் அவரோடு கல்லறைவரை போனது.

இந்த விளக்கத்தின் குறை, பணமிருந்தும் இல்லாமலும் வேறுவிதமாக வாழ்ந்தவர்களை அது கண்டுகொள்ளாததுதான். அலெக்சாண்டர் வான் ஹும்போல்ட் 1804இல் தென் அமெரிக்காவிலிருந்து திரும்பி, தம் பரம்பரைச் சொத்தைப் பயணத்திலும் நூல் வெளியீட்டிலும் கரைத்தார். இருந்தும் 1859இல் இறக்கும்வரை ஐரோப்பிய அறிவுலகின் நடுவில் இருந்தார். கடன் நெருக்கடியை விளக்கும். நெருக்கடிக்கு ஒருவர் எப்படி எதிர்வினை செய்தார் என்பதை விளக்காது.

யாருடைய பின்வாழ்வு?

கடந்த சில பத்தாண்டுகளில் வலுப்பெற்ற ஐந்தாவது நிலைப்பாடு கேள்வியையே திருப்பிக் கேட்கிறது. பயணத் தலைவர்களின் துயரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கூடப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று?

லூயிஸ்–கிளார்க் குழுவில் கிளார்க்கின் அடிமையான யார்க்கும் இருந்தார். திரும்பியபின் அவர் விடுதலை கேட்டார்; கிளார்க் பல ஆண்டுகள் மறுத்தார் என்பது கிளார்க் தம் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தெரிகிறது. பிறகு விடுவித்ததாகவும், யார்க் தொழிலில் நொடித்து, காலராவில் இறந்ததாகவும் கிளார்க் 1832இல் இர்விங்கிடம் சொன்னார். உடைமையாளரின் வாக்கைத் தவிர வேறு உறுதியான சான்று கிடையாது. அதே குழுவில் சென்ற ஷோஷோனிப் பெண் சக்காகவியா 1812இல் இறந்தாரா, 1884வரை வாழ்ந்தாரா என்பதில்கூட வணிக நிலையத்துக் குறிப்பும் பழங்குடி வாய்மொழி மரபும் முரண்படுகின்றன.

1909இல் பியரியோடு வடதுருவப் பயணத்தில் இருந்த மேத்யூ ஹென்சன் கறுப்பினத்தவர். பியரி கடற்படை உயர் பதவித் தகுதியோடும் ஓய்வூதியத்தோடும் ஓய்வு பெற்றார். ஹென்சன் 1913 முதல் 1936 வரை நியூயார்க் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருக்கு இடம் கிடைத்தது 1988இல், இறந்து முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின். பிரிட்டிஷ் இந்திய நில அளவைத் துறைக்காகத் திபெத்தின் சாங்போ ஆற்றைத் தொடர்ந்துபோன கிந்துப்பின் கதை இன்னும் கசப்பானது. கூடப் போன லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டார். தப்பி, வேலையை முடித்து 1884இல் திரும்பியபோது அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அதே பள்ளத்தாக்குக்குப் போனபின் அவருடைய விவரங்கள் பெரிதும் சரியென்று தெரிந்தது. அப்போது அவர் டார்ஜிலிங்கில் தையற்காரர்.

வெள்ளையர்களுக்குள்ளும் தரம் வேலைசெய்தது. ஷாக்கிள்டனின் படகைக் கடலுக்குத் தகுதியாக்கிய தச்சர் ஹாரி மக்னிஷ், தலைவரோடு முரண்பட்டதால் துருவப் பதக்கம் மறுக்கப்பட்டு, 1930இல் வெலிங்டனில் ஏழையாக இறந்தார். 1953இல் எவரெஸ்ட் வெற்றிக்காக ஹிலாரிக்குச் சர் பட்டம் வந்தது; டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம்.

இந்த நிலைப்பாடு திறந்துவிட்ட கதவுகள் பல. ஆனால் படிநிலையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அளந்தால் அதுவும் தவறும். டென்சிங் டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் களப்பயிற்சி இயக்குநராக நீண்ட காலம் இருந்து, தலைமுறைகளைப் பயிற்றுவித்தார். அவருடைய வாழ்வை இழப்பாக மட்டும் எழுதினால், அவர் கட்டியெழுப்பியதை இரண்டாம் முறையாகப் பறித்ததாகும்.

நிலைத்தவர்களிடம் பொதுவாக என்ன இருந்தது?

ஐந்து விளக்கங்களும் வீழ்ச்சியையே விளக்க முயல்கின்றன. நன்றாக வாழ்ந்தவர்களை அருகில் வைத்தால்தான் அவற்றின் வலு தெரியும்.

காஞ்சிபுரம்வரை வந்த யுவான் சுவாங் 645இல் சீனா திரும்பினார். அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனவர் அவர். எனினும் பேரரசர் வரவேற்று, அரசுப் பதவியே தர முன்வந்தார். அவர் மறுத்து, கொண்டுவந்த பௌத்த நூல்களை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 664இல் இறக்கும்வரை பத்தொன்பது ஆண்டுகளில் 75 நூல்கள் அவர் தலைமையில் மொழிபெயர்க்கப்பட்டன. ஃபிராம் கப்பலின் ஃபிரிட்யோஃப் நான்சென், சுதந்திர நார்வேயின் தூதரானார். முதல் உலகப் போருக்குப்பின் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை ஊர் சேர்த்தார். நாடற்ற அகதிகளுக்கு அவர் பெயரிலேயே கடவுச்சீட்டு வந்தது. 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். ஹிலாரி 1960களிலிருந்து நேபாளத்தின் சோலுகும்பு பகுதியில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டினார்.

ஸ்காட்டின் கடைசிக் குழு ஒரு நல்ல ஒப்பீட்டைத் தருகிறது. அதன் அறிவியலாளர்களில் டெபன்ஹாம் கேம்பிரிட்ஜ் துருவ நிறுவனத்தை நிறுவினார். பிரீஸ்ட்லி மெல்போர்ன், பர்மிங்காம் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தரானார். கிரிஃபித் டெய்லர் சிட்னியில் புவியியல் துறையைத் தொடங்கினார். அதே குளிரை அனுபவித்த செர்ரி-கேரார்டு, செல்வம் இருந்தும், ஸ்காட்டைக் காப்பாற்றியிருக்கலாமோ என்ற உறுத்தலோடு வாழ்நாள் முழுதும் மனச்சோர்வில் உழன்றார். ஆய்வுப் பொருளைக் கொண்டுவந்தவர்களுக்கு அதைத் தொடர ஒரு மேசை காத்திருந்தது. செர்ரி-கேரார்டுக்குக் காத்திருந்தது நினைவு மட்டுமே. அதிலிருந்து அவர் ஒரு மகத்தான நூலை எழுதினார் என்பது உண்மை. அது அவரைக் குணப்படுத்தவில்லை என்பதும் உண்மை.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

மேற்கண்டவற்றிலிருந்து எச்சரிக்கையோடு ஒரு மதிப்பீட்டுக்கு வரலாம். பயணத்தின் கடுமையோ வெற்றியோ பின்வாழ்வைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. புறப்படும்போது எழுதப்பட்ட ஒப்பந்தம், சுமந்த கடன், திரும்பியபோது காத்திருந்த வேலை, அந்த வேலையைப் பெறுவதற்கான சமூக இடம் ஆகிய நான்கும் அதிகம் தீர்மானித்திருக்கின்றன. மனவியல்பும் நோயும் இவற்றுக்குள்தான் செயல்பட்டன.

இந்த மதிப்பீட்டுக்கும் ஓட்டைகள் உண்டு. வேலை கிடைத்ததால் மனம் நிலைத்ததா, நிலைத்த மனம் உள்ளவர்களே வேலையைத் தேடிக்கொண்டார்களா என்பதைப் பழைய ஆவணங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. நம்மிடம் இருக்கும் பட்டியலே புகழ் பெற்றவர்களின் பட்டியல்; மாலுமிகள், சுமைதூக்கிகள், வழிகாட்டிகள் ஆகியோரில் பெரும்பாலோரின் பெயர்கூடச் சம்பளப் பட்டியலைத் தாண்டவில்லை. வீட்டில் காத்திருந்த மனைவியரும் பிள்ளைகளும் பட்ட கடனும் தனிமையும் வரலாற்றாசிரியர்களின் கவனத்துக்கு வந்தது மிகத் தாமதமாக. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கிளம்பிய பயணிகளைச் சேர்க்காமல் எழுதப்பட்ட பொதுவிதிகள், யுவான் சுவாங் ஒருவரைச் சேர்த்தாலே ஆட்டம் காண்கின்றன.

விண்வெளி வீரர்களின் உடல்நலத்தை நாசா அவர்கள் ஓய்வுபெற்ற பின்னும் பதிவுசெய்து வருகிறது. முன்பு யாருக்கும் இல்லாத அளவுக்கு, ஒரே தரமான, நீண்டகாலச் சான்று அங்கே சேர்கிறது. மருத்துவ விளக்கத்தை நேர்மையாகச் சோதிக்க அது உதவக்கூடும். மற்ற நான்கு விளக்கங்களையும் சோதிக்கப் பழைய கணக்குப் புத்தகங்களையும், கூலிப் பதிவுகளையும், வாய்மொழி மரபுகளையும்தான் திரும்பப் புரட்ட வேண்டும். அது நடக்கும்வரை, பெரும் பயணிகள் எல்லோரும் துயரத்தில் முடிந்தார்கள் என்ற பொதுக்கூற்றை நிறுவப்படாத ஒன்றாகவே கொள்ள வேண்டும்.